பூட்டிய பெட்டிகள்

சங்கரலிங்கம் ஒரு பெரிய காகித ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குரு மாசிலாமணியைப் பார்க்க வந்துவிடுவார். குருவைவிட அவர் ஆறு வயது மூத்தவர். இருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அன்று வந்ததும் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு வருடமாக முப்பது தெருக்களில் ஆலை பூட்டிய இரும்புப் பெட்டி வைத்திருக்கிறது. ஜனங்கள் பழைய பேப்பரைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அது ஆலைக்குப் போய், நோட்டுப் புத்தகமாகத் திரும்பிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகிறது. திட்டம் அவருடையது. டெல்லியில் விருதுகூடக் கொடுத்தார்கள்.

பத்து நாளுக்கு முன்னால் ஒரு பெண் பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுத் திருடப் பார்த்தாள். கை சிக்கிக்கொண்டது. காவலாளிகள் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

"சட்டப்படி சரியாகத்தான் செய்தேன். ஆனால் அன்றிலிருந்து தியானத்தில் உட்கார முடியவில்லை."

"அவள் பெயர் என்ன?" என்றார் குரு.

அவருக்குத் தெரியவில்லை. புகாரில் இருந்திருக்கும். அவர் படிக்கவில்லை.

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் அந்தப் பெட்டி இருந்த தெருவின் டீக்கடையில் விசாரித்து, ரயில் பாதையை ஒட்டிய குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பெயர் உலகம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஜாமீனில் வெளியே வந்திருந்தாள். வந்தவர்கள் யாரென்று அவள் கேட்கவில்லை. இடது கையாலேயே பாயை உதறி விரித்தாள். வலது கை கட்டுப் போட்டு மடியில் கிடந்தது.

கைக்கு என்ன ஆயிற்று என்று குரு கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருக்களில் பேப்பர் எடுத்துப் பிழைத்தவள். பெட்டி வந்தபிறகு யாரும் அவளுக்கென்று எடுத்து வைப்பதில்லை. ஆலையில் பேப்பர் பிரிக்கிற வேலையாவது கிடைக்குமா என்று போய்க் கேட்டாள். எட்டாவது படித்த சர்டிபிகேட் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அதனால்தான் பெட்டியிலிருந்து எடுத்தீர்களா?" என்றார் சங்கரலிங்கம்.

"எடுக்கலைய்யா. ஒரு கட்டு பாதி வெளியே நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மழை கட்டி வருது. நனைஞ்சா வீணாப் போயிருமேன்னு உள்ள தள்ளுனேன். தகரம் கிழிச்சிருச்சு."

"அது உங்கள் பேப்பர் இல்லையே."

"பேப்பர்தானய்யா," என்றாள் அவள்.

இதைப் போலீசில் சொன்னாளா என்று குரு கேட்டார்.

"சொன்னேன். எழுதிக் குடுத்தவரு பெரிய ஆபீசரு, அவரு பாக்காமயா எழுதியிருப்பாருன்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு."

சங்கரலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார். குரு பின்னால் வந்தபோது அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கே புகாரைத் திரும்பப் பெற்றுவிடுகிறேன்."

"செய்யுங்கள்."

"ஆலையில் பேப்பர் பிரிக்கிற வேலை போட்டுக் கொடுக்கிறேன். சர்டிபிகேட் வேண்டாம்."

"எந்தக் கையால் பிரிப்பாள்? இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்கள் வெளியே வந்தபிறகு சொன்னாள்."

சங்கரலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குடிசைப் பக்கம் திரும்பினார். "அந்த ஆபீசர் நான்தான் என்று சொல்லி, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன். அப்போதாவது என் மனம் அடங்கும்."

குரு வழியை மறித்து நின்றார்.

"கேட்டால் கொடுத்துவிடுவாள். அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டு போகப் போகிறீர்களா?"