பேசி முடிக்காத விறகு

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மரத்தின் பேச்சு அதன் சாற்றில் இருந்தது. பறவையும் விலங்கும் பேசின. மீன்கள் மட்டும் பேசவில்லை. அவற்றின் வாயில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு கிளையை வெட்டிக் கீழே போட்டால் அது உடனே அடங்கிவிடாது. உள்ளே ஈரம் இருக்கும்வரை பேசிக்கொண்டேதான் கிடக்கும். அதனால் யாரும் மரத்தை வெட்டி எரிக்கவில்லை. தானாக விழுந்து, பேசி ஓய்ந்து, காட்டில் கிடக்கிற சுள்ளியைப் பொறுக்கித்தான் தீ மூட்டினார்கள்.

மலையடிவாரத்தில் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் பதினொரு குடிசைகள் இருந்தன. அந்தப் பதினொரு குடிசைக்கும் மீனைப் புகை போட்டுக் கொடுப்பவள் நஞ்சி. வைகாசியில் ஆறு வற்றி மடுமடுவாகச் சுருங்கும். அப்போது மீன் குவியும். ஆனியில் மழை பிடித்துவிட்டால் நான்கு மாதத்துக்கு ஆறு யாரையும் தாண்ட விடாது. அந்த நான்கு மாதமும் நஞ்சி புகை போட்ட மீன்தான் அத்தனை பேர் வயிற்றுக்கும். குழி வெட்டி, அதன்மேல் மூங்கில் தட்டி பரப்பி, உப்புத் தடவிய மீனை வரிசையாக அடுக்கி, அடியில் இளந்தீ போட்டு மூன்று நாள் காத்திருப்பாள். அவள் கை பட்ட மீன் ஐப்பசிவரை கெடாது.

ஒரு வருஷம் மாசி மாதத்திலேயே காட்டுத்தீ வந்தது. தரையில் கிடந்த சுள்ளியையெல்லாம் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போனது. ஆற்றோரத்து மரங்கள் மட்டும் பச்சையாகத் தப்பி நின்றன. வைகாசி வந்தது. அதற்குமுன் யாரும் பார்த்திராத அளவுக்கு மீன் வந்தது. தட்டி நிறைய மீன் இருந்தது. தட்டிக்கு அடியில் வைக்க ஒரு குச்சி இல்லை.

நஞ்சி கோடரியை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்து நாவல் மரத்திடம் போனாள். அவள் புருஷன் மசணன் கூடப் போனான்.

"ஒரு கிளை வேணும். மீனு நாறிப் போகும்," என்றாள்.

நாவல் மரம் அவசரப்படாமல் யோசித்தது. "எடுத்துக்கோ. தாழ இருக்கிற பெரிய கிளையை எடு. ஆனா அது நாப்பது வருஷம் பார்த்ததை இன்னும் யாருகிட்டேயும் சொல்லலை. சொல்லி முடிக்கட்டும். அப்புறம் தீயில வை."

"எத்தனை நாள் சொல்லும்?"

"ஒரு மழையும் ஒரு வெயிலும் ஆகும்."

நஞ்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வருஷம்! மீன் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆனால் மரத்திடம் அப்படிச் சொன்னால் கிளை கிடைக்காது. "சரி," என்றாள். "சொல்லி முடிக்கிறவரைக்கும் தொடமாட்டேன்."

கிளையை வெட்டித் துண்டு போட்டு, இருவருமாகச் சுமந்து வந்தார்கள். வழி நெடுகக் கட்டைகள் தோளில் இருந்தபடியே பேசிக்கொண்டு வந்தன. முதல் முதலாகத் தன்மேல் உட்கார்ந்த கிளியைப் பற்றி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நஞ்சி பாதிக் கட்டைகளைக் குழியில் இறக்கினாள்.

மசணன் அவள் கையைப் பிடித்தான். "மரத்துக்கிட்ட வாக்குக் குடுத்தியே."

"மீனு அழுகினா வாக்கைத் திங்க முடியுமா? கைய விடு."

அவன் விட்டுவிட்டான். அவள் தீ வைத்தாள்.

கட்டை எளிதில் பற்றவில்லை. பற்றியபோது சீறியது. வெட்டுவாயில் நுரை நுரையாகத் தண்ணீர் கக்கியது. கிளிக் கதை சொல்லிக்கொண்டிருந்த கட்டை பாதிச் சொல்லில் நின்றது. வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு புகை தடிமனாக எழுந்து, மேலே போக மனமில்லாமல் மீன்மேலேயே உட்கார்ந்தது. நஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று நாளும் குழியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் தட்டியை இறக்கியபோது மீன் பொன்னிறமாக இல்லை. தார் பூசியதுபோல் கறுத்து, கையில் ஒட்டியது.

மசணனின் தங்கை மாரி கைக்குழந்தைக்காரி. முதல் துண்டை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். அவள் ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினாள்.

"அண்ணி, என்ன இது? நாக்கு மரத்துப் போச்சு."

வெந்நீரில் கழுவிப் பார்த்தார்கள். தோலை உரித்துப் பார்த்தார்கள். கசப்பு முள்வரை இறங்கியிருந்தது. பசி பொறுக்காமல் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். அதற்குள் ஆனி பிறந்து மழையும் இறங்கிவிட்டது.

கிழங்கு தோண்டிப் பதினைந்து நாள் ஓட்டினார்கள். மாரிக்குப் பால் வற்றியது. பதினாறாம் நாள் காலையில் மசணன் அக்கரையில் தினை வாங்கி வருவதாகச் சொல்லி, இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். கரையில் நின்ற நஞ்சியைத் திட்டவில்லை. "குழந்தையைப் பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னான். நடு ஆறுவரை அவன் தலை தெரிந்தது. பிறகு மூங்கில் மட்டும் தெரிந்தது.

மற்றவர்கள் அந்த மழையை எப்படியோ கடந்தார்கள். காட்டுக்கீரையும் நண்டும் நத்தையும் தின்றார்கள். மாரியின் குழந்தை பிழைத்தது. நஞ்சியிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. யாரும் பேசவும் இல்லை.

அவளிடம் பேசியது மீதமிருந்த கட்டைகள்தான். எரிக்காத பாதி, குடிசைக்குப் பின்னால் கூரையோரத்தில் கிடந்தது. கதவைச் சாத்தினாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"மண்ணு ஈரம் எங்களை விட மாட்டேங்குது," என்றது அடியில் கிடந்த கட்டை. "சொல்லச் சொல்ல உள்ளே ஊறுது."

அவள் கல் பரப்பி, கட்டைகளைக் கல்லின்மேல் தூக்கி வைத்தாள்.

"இப்படி நெருக்கி அடுக்கினா ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்கலை," என்றது இன்னொன்று.

அவள் கலைத்து, காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள்.

எல்லாவற்றிலும் பெரிய கட்டை கடைசியாகச் சொன்னது: "என் நெஞ்சுல இருக்கிறது வெளியே வர வழியில்லை. பிளந்து விடு."

அன்றிலிருந்து தொடாத கோடரியை அவள் தேடி எடுத்தாள். நான்காகப் பிளந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்து உட்கார்ந்து கேட்டாள். எறும்பு ஏறியது, பழம் உதிர்ந்தது, ஒரு வருஷம் பூ வராமலே போனது என்று அவை சொல்லிக்கொண்டே இருந்தன. கோடரியைப் பற்றி எப்போது சொல்லும், எரிந்த பாதியைப் பற்றி எப்போது கேட்கும் என்று அவள் காத்திருந்தாள். கார்த்திகை போனது, தை போனது. கேட்கவே இல்லை. சொல்லச் சொல்லக் கட்டைகள் எடை குறைந்தன. பட்டை கழன்று விழுந்தது. பேச்சு வெளியேறிய இடமெல்லாம் நுனியில் வெடிப்பு வெடிப்பாக விரிந்தது.

மறு வைகாசியில், எல்லாக் கட்டையும் ஓய்ந்த பிறகு, பெரிய கட்டையின் ஒரு துண்டு மட்டும் மெல்லக் கேட்டது. "அந்த மீனு எப்படி இருந்தது?"

"கசந்தது," என்றாள் நஞ்சி.

"கசக்கத்தான் செய்யும்," என்றது கட்டை. அதோடு அதன் பேச்சும் தீர்ந்தது.

அவள் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். முன்பெல்லாம் சொத்தென்று விழுந்த சத்தம் இப்போது கணீரென்று கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை. அந்த வருஷத்து மீனைத் தட்டியில் அடுக்கி, கட்டைகளைக் குழியில் வைத்துத் தீ மூட்டினாள். சீறவில்லை, நுரைக்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நீலமாக ஒரு புகை எழுந்து, மீனைத் தொட்டுவிட்டு மேலே போனது. மூன்றாம் நாள் மீன் பொன்னிறமாக இறங்கியது.

மாரி ஒரு துண்டைப் பிட்டு முதலில் குழந்தைக்கு ஊட்டினாள். இன்னொரு துண்டை நஞ்சியின் கையில் வைத்தாள். "தின்னு அண்ணி," என்றாள். ஒரு வருஷத்தில் அவள் நஞ்சியிடம் பேசிய முதல் பேச்சு அது.

நஞ்சி தின்றாள். நன்றாக இருந்தது. எந்தக் குறையும் சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, மசணன் போனதிலிருந்து அழாததையெல்லாம் அன்றைக்கு அழுதாள்.

பாதிச் சொல்லில் எரிந்த கட்டைகளின் சேதி வேரோடு வேராகக் காடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எந்த மரமும் மனிதர் காதுபடப் பேசவில்லை. பச்சை விறகை அடுப்பில் வைத்தால் சீறி, நுனியில் நுரை தள்ளி, கண்ணைக் கரிக்க வைப்பதும், அதன் புகை பட்டது கசப்பதும் நஞ்சி தீ மூட்டிய அந்த வைகாசியிலிருந்துதான். புகை போடுகிறவர்கள் விறகைப் பிளந்து, கல்லின்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு மழையும் ஒரு வெயிலும் காத்திருந்து, எடுக்கும்போது இரண்டு கட்டையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது அதற்கடுத்த வைகாசியிலிருந்துதான்.