டைரக்டரம்மாவின் விலாசம்

போன கார்த்திகை தீபத்தன்று என் சம்பந்தியம்மா மரகதம் சொன்ன கதை இது.

வீடு வாங்கி வாடகைக்கு விட, ஈரோட்டுத் தணிகாசலம் ஒரு கம்பெனி தொடங்கினார். சட்டப்படி அவரைத் தவிர இன்னொரு டைரக்டரும் வேண்டுமாம். உடன்பிறந்தவர்களை நம்பாமல் சமையற்காரி பூவாத்தாளைச் சேர்த்தார். கையெழுத்து வாங்கிய கையோடு, "உன் பின்கட்டு அறையையும் வாடகைக்கு விடப்போறேன், இன்னிக்கே காலி பண்ணு" என்றார். முருகா! அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை.

கம்பெனி பேரில் கணக்குத் தொடங்க இருவரும் பேங்குக்குப் போனார்கள்.

"எங்கம்மா குடியிருக்கீங்க?" என்றார் மேனேஜர்.

"காலைவரைக்கும் ஐயா வீட்டுலங்க. இனி பஸ் ஸ்டாண்டுலங்க. எந்த பஸ் ஸ்டாண்டுன்னு ஐயாதான் சொல்லணும்."

மேனேஜர் பேனாவை மூடினார். "விலாசமில்லாத டைரக்டருக்குக் கணக்கு கிடையாது சார்."

தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஐயோ, என் வீட்டுலதான் இருக்கா சார்! எப்பவும் இருப்பா!"

"அந்த 'எப்பவும்'கிறதையும் சேர்த்து எழுதிக்குங்க சார்" என்றாள் பூவாத்தாள்.

இன்று கார்த்திகை விளக்கேற்றும்போது பூவாத்தாளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.