ராஜாவின் அட்டை

மருதங்காட்டு ராஜாவுக்குக் குளியல் என்றால் உயிர். அரண்மனை மலையடிவாரத்தில் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடை நேராகத் தாமரைக் குளத்தில் வந்து விழும். காலையில் அதில் இறங்கினாரென்றால் வெயில் உச்சிக்கு வரும்வரை கரையேற மாட்டார்.

அவருடைய மந்திரி விருத்தகிரிக்கோ மலைமேல் இருந்த தேக்கு மரங்களின் மேல்தான் கண். நாலு வீடு கட்டியாயிற்று, ஐந்தாவதுக்கு மரம் வேண்டும். ஆனால் கோடாலியோடு ஆள் அனுப்பினால் மலைக்காரர்கள் மரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறார்கள். மந்திரி ராஜாவின் காதைக் கடித்து ஓர் ஆணை வாங்கினார். மலையில் உள்ள மரம், செடி, விழுந்த இலை, ஊர்கிற பூச்சி வரை எல்லாம் ராஜாவின் சொத்து. மலைக்காரர்கள் அதில் ஒன்றைத் தொட்டாலும் குடிசையைப் பிரித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டியது.

எவனாவது ஒரு கிழங்காவது தோண்டுவான், பிடித்துவிடலாம் என்று மந்திரி காவல் போட்டுக் காத்திருந்தார். மலைக்காரர்களின் தலைவர் செடையன் மூப்பன் எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டார். சேர்த்து வைத்த ராகியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். அது தீர்ந்தால் என்ன செய்வது என்று பெண்கள் கேட்டதற்கு, மழை வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஆடி மழை பிடித்துக் கொட்டியது. ஓடையில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. குளம் பாசி பிடித்து நாறியது. கிணற்றுத் தண்ணீரை ரெண்டு குடம் ஊற்றிக்கொண்ட எரிச்சலில் ராஜா மூப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மூப்பன் வந்தார். இடது கெண்டைக்காலில் விரல் தடிமனுக்கு ஓர் அட்டை ஒட்டிக்கொண்டு நிதானமாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. சபையில் பாதிப் பேர் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள்.

"பிடுங்கி எறியேன் மூப்பா" என்றார் ராஜா.

"எப்படிச் சாமி? இது உங்க அட்டை. தொட்டா வீடு போயிடும். பத்திரமா ஒப்படைச்சுட்டுப் போகலாம்னு கொண்டாந்தேன்."

இது குதர்க்கம் என்றார் மந்திரி. ஆணையில் பூச்சி வரை எழுதச் சொன்னது யார் என்று ராஜா கேட்டார். மந்திரி மீசையைத் தடவினார்.

பிறகு ராஜா குளத்துப் பேச்சை எடுத்தார். இத்தனை மழையில் ஓடைக்கு என்ன வந்தது?

"ஊத்துக்கண்ணை உங்க இலை அடைச்சுக் கிடக்கு சாமி. தண்ணி அந்தப் பக்கத்துப் பள்ளத்துல இறங்கிடுது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால வீட்டுக்கு ஒரு ஆளு போய் வாரிப் போடுவோம். இந்த வருஷம் தொடலை."

"இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லையே?"

"தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சே சாமி. வர்ற தண்ணியை ஏன் வருதுன்னு யார் கேப்பாங்க?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை வாங்கி நாலாகக் கிழித்தார். இனி மலை மூப்பன் பொறுப்பு, அவர் சொல்லாமல் அரண்மனைக் கோடாலிகூட ஒரு மரத்தில் படக்கூடாது என்றார். பட்டுச் சால்வை கொண்டுவரச் சொன்னார். அது முள்ளில் மாட்டிக்கொள்ளும், அதற்குப் பதில் பத்து மூட்டை ராகி போதும் என்றார் மூப்பன்.

அந்த நேரம் பார்த்து அட்டை உருண்டு திரண்டு, தானாகவே கழன்று தரையில் விழுந்தது. மந்திரி ஒரே துள்ளாகத் துள்ளி ராஜாவின் பின்னால் போய் நின்றார்.

மூப்பன் குனிந்து அதை வெற்றிலைத் தட்டிலிருந்த ஓர் இலையில் ஏந்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க மந்திரி. வயிறு நிறைஞ்சா விட்டுடணும்னு இதுக்குத் தெரியும்."