முப்பதாம் நாள் பூசை

மூன்று பெண்கள், மூவருமே நல்லவர்கள். ஒரு விதவையின் வீடு போனது. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதைக்குப் புதிரே தேவைப்பட்டிருக்காது.

ஹவில்தார் சவரிமுத்து அக்டோபரில், பனிமலைச் சாலையில் மண் சரிந்து செத்தார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் அடக்கம் முடித்த கையோடு, ஒன்பதாம் நாள் அவர் மனைவி பிலோமினா வடக்கே இருந்த ராணுவக் குடியிருப்புக்குத் திரும்பினாள். மகள் ஷைனிக்குப் பிளஸ் டூ. பரீட்சை மார்ச்சில். அதுவரை அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். பிலோமினாவுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த கவலை அது ஒன்றுதான்.

புருஷன் செத்துவிட்டால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த முகாமின் விதி. பிள்ளைக்குப் பரீட்சை இருந்தால் நீட்டிப்பு உண்டு. அதற்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். பிலோமினாவுக்கு இது தெரியாது. வீட்டுக் காகிதமெல்லாம் சவரிமுத்துதான் பார்ப்பார்.

பத்தாம் நாள் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பிலோமினா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தேவசேனா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சுபேதார் மனைவி கோமளவல்லியிடம் கேட்டாள். குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்கும் கோமளா சொல்வதுதான் சட்டம்.

"அவங்க வழக்கத்துல முப்பதாம் நாள் பூசை இருக்கு. அது முடியற வரைக்கும் காகிதம், கையெழுத்துன்னு யாரும் அவகிட்ட போகக் கூடாது. மனுஷி முதல்ல எந்திரிச்சு சோறு திங்கட்டும்," என்றாள் கோமளா. சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. பிலோமினாவுக்குத் தலை வாரிவிட்டதும் அவள்தான்.

பன்னிரண்டாம் நாள் வினோதினி வந்தாள். நாயக் பதவியிலிருந்த ஒருவரின் மனைவி, ஏழு மாத கர்ப்பிணி. முகாமுக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தாள். வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் அவளுடையது. வாரந்தோறும் ஆபீஸுக்கு நடந்து நடந்து விதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கட்டிலில் கிடந்த பிலோமினாவைப் பார்த்து, "அக்கா, வீட்ட எப்ப காலி பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

சுற்றியிருந்த பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஜன்னலுக்குத் துணி அளவெடுக்க வந்தியாடி? டேப்பு கொண்டாந்தியா?" என்றாள் கோமளா.

"இல்லக்கா, பரீட்சை வரைக்கும் இருக்கறதா இருந்தா மனு குடுக்கணும். அவங்க குடுத்துட்டா நான் வேற எடம் பாத்துக்குவேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா..."

பிலோமினா காதில் காலி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. "வெளிய போ," என்றாள். கணவன் செத்தபிறகு அவள் உரக்கப் பேசியது அன்றுதான். கோமளா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் வினோதினி திரும்ப வந்தாள். கையில் மனு. எல்லாம் எழுதியிருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கோமளா வாசலிலேயே மறித்தாள். திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்த பிலோமினா, "அவ மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்னு சொல்லுங்கக்கா," என்றாள்.

"கேட்டுச்சுல்ல? பூசை முடிஞ்சு வா."

"நாள் இல்லக்கா..." என்று ஆரம்பித்த வினோதினி நிறுத்தினாள். உள்ளே, ஜன்னலை, சமையலறையை, தண்ணீர் சொட்டும் குழாயை ஒரு முறை பார்த்தாள். மனுவை மடித்து ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அவள் வரவில்லை.

முப்பதாம் நாள் மாலை பூசை நிறைவாக நடந்தது. பூ அலங்காரம் கோமளாவின் செலவு. வீடு திரும்பியதும் தேவசேனா கடிதத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். ஷைனி பிரித்துப் படித்தாள்.

"அம்மா, மனு குடுக்க அப்பா எறந்த நாள்லேர்ந்து முப்பது நாள்தான் டைமாம். இன்னிக்குத்தான் கடைசி."

ஆபீஸ் ஐந்து மணிக்கே பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலை அதிகாரி எழுந்து நின்று பிலோமினாவுக்கு நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், அனுதாபம் சொன்னார். வீடு அடுத்த ஆளுக்கு எழுதப்பட்டுவிட்டது என்றும் சொன்னார்.

வினோதினி காலி செய்யவிருந்த தகரக் கூரை அறையைக் கேட்டுப் பார்த்தார்கள். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்றார் உரிமையாளர். கோமளா வீட்டுக்கு மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். ஜனவரியில் தாயும் மகளும் ஊருக்கு ரயிலேறினார்கள். ஷைனி அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. வினோதினியோடு குடியிருப்பில் ஒருத்தியும் பேசுவதில்லை.

கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவள் தேவசேனா. துக்கத்துக்குக் காவல் நின்றவள் கோமளா. எப்போது காலி செய்வாய் என்று கேட்டவள் வினோதினி. பிலோமினா விஷயத்தில் இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வினோதினி என்று சொன்னால் பாதி சரி. தன் வீடு கைநழுவும் என்று தெரிந்தும் மனுவைப் பற்றி வாய்திறந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற இருவருக்கும் கெடு தெரியாது. அவர்கள் செய்தது அன்பு, அதனால் விளைந்தது கேடு. ஆனால் இருபத்தெட்டாம் நாள் வாசலில் நின்றபோது, நாளை மறுநாள் கடைசி என்று ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். மீதமிருந்த இரண்டு நாளும் தெரிந்தே வாய்மூடி இருந்தவளும் அவள்தான். ஆகவே, இருபத்தெட்டாம் நாள் வரை வினோதினி. அதற்குப் பிறகு யாருமில்லை. பிலோமினாவைக் கேட்டால் வேறு விடை வரும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வாழ்த்து அனுப்புவது கோமளாவுக்குத்தான்.