துலு முடிக்காமல் போன கரடிக் கதை

மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், யாராவது நாயைப் போய் வாயில்லா ஜீவன் என்று சொல்லியிருந்தால் சிகு தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். வாயில்லாத ஜீவனா? வாயைத் தவிர வேறு எதுவுமே இல்லாத கூட்டம் அல்லவா அவளோடு சேர்ந்து வண்டி இழுத்தது.

சிகு ஒரு பெட்டை நாய். உலகத்தின் வடக்கு ஓரத்தில், கடலே உறைந்து தரையாகிக் கிடக்கும் ஊரில், கூனுக் என்ற வண்டிக்காரனின் பனிவண்டிக்கு அவள்தான் முன்னோடி. பனிவண்டிக்குச் சக்கரம் கிடையாது, சறுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு நாய்க்கும் சீல் என்ற கடல்மிருகத்தின் தோலில் திரித்த தனிக் கயிறு. விரித்த விசிறி மாதிரி நாய்கள் பரந்து ஓடும். சிகுவின் கயிறு எல்லாவற்றையும்விட நீளம், அதனால் அவள்தான் முதலில் கால் வைப்பாள். கெட்டிப் பனி எது, காலை வாரும் மெல்லிய பனி எது என்று கண்ணுக்குத் தெரியாது. மேலே தூவிக் கிடக்கும் வெள்ளை எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடிவிடும். ஆனால் மெல்லிய பனி, உடைவதற்குச் சற்று முன்னால் காலடியில் லேசாக முனகும். அந்த முனகலைக் கேட்கிற காது சிகுவுக்கு இருந்தது. கேட்க விட்டால்தானே?

"இமாக் இழுக்கிற மாதிரி நடிக்கிறான். அவன் கயிறு தொய்யுது பாருங்க" என்பாள் பின்னால் இழுக்கிற அர்ணா.

"என் கயிறு தொய்யுதா? முதல்ல உன் காலைப் பாத்து ஓடு. நேத்துலேர்ந்து நொண்டுறேன் நொண்டுறேன்னு உயிரை எடுக்குறியே" என்பான் இமாக்.

இவர்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஆள் ஒருவன் இருந்தான். துலு. சிகுவோடு ஒன்றாகப் பிறந்தவன் இல்லை, ஆனால் குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவன். வாட்டசாட்டமான உடம்பு, இடி மாதிரிக் குரல். அவன் அப்பா ஒருதரம் ஒரு பனிக்கரடியை நேருக்கு நேர் பார்த்தாராம். அந்தக் கதையைத்தான் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். கரடி எழுந்து நின்றது வரைக்கும் வருவான். அங்கே நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, வேறு ஏதோ ஞாபகம் வந்து வேறு எங்கோ போய்விடுவான். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான்.

கதை சொல்வதோடு விட்டானா? யாருக்குச் சொல்கிறானோ அவர்கள் பக்கத்துக்கே போய் ஓடுவான். அவன் கயிறு இன்னொருத்தி கயிற்றுக்கு மேலே ஏறும், அவள் கயிறு மூன்றாமவன் கயிற்றுக்கு அடியில் நுழையும். சாயங்காலம் வண்டி நின்றால் கூனுக் கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்துப்போன விரலால் அந்தச் சிக்கலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேசாத நேரத்தில் துலு என்ன செய்வான் என்றால், கயிற்றைக் கடிப்பான். சீல் தோல் கயிறு அவனுக்குத் தின்பண்டம் மாதிரி.

"டேய் துலு, போன வாரம்தான்டா புதுசு போட்டேன். உனக்கு மட்டும் இரும்புல கயிறு செஞ்சு போடணுமா?" என்று கூனுக் கத்துவான். துலு வாயில் கயிற்றோடு வாலை ஆட்டுவான்.

இப்படி இருக்கும்போதுதான், தூரத்தில் கடல் உறையாத விளிம்பில் ஒரு கப்பல் வந்து நின்றது. தெற்கே எங்கிருந்தோ வந்த அந்தக் கப்பலிலிருந்து ஹால்வர் என்ற துரை இறங்கினார். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கறுப்புப் பாறையாக ஒரு தீவு உண்டு. அதற்கு அப்பால் நிலமே கிடையாது. அதில் போய்க் கொடி நட வேண்டும், நட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் துரையின் ஆசை. அங்கே ஒரு செடியும் இல்லை, சீலும் இல்லை, எதற்கு இந்த வேலை என்று ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் நல்ல எஃகுக் கத்தியும் துப்பாக்கியும் தருவதாகச் சொன்னார். கூனுக் சம்மதித்தான்.

"ஒரே ஒரு பேச்சு துரை. வெயில்காலம் வர்றதுக்குள்ள திரும்பிடணும். பனி விட்டுப்போச்சுன்னா நம்ம எலும்புகூடக் கிடைக்காது" என்றான்.

"ஆகட்டும் கூனுக். நான் சொன்ன சொல் தவறமாட்டேன்" என்றார் துரை. சொல்லிவிட்டு ஓர் இரும்புக் கட்டிலை வண்டியில் ஏற்றச் சொன்னார். கூனுக் கட்டிலைப் பார்த்தான், நாய்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு ஏற்றினான்.

புறப்படும் அன்று கூனுக்கின் மனைவி நிவி, வயிற்றில் பிள்ளையோடு மெல்ல நடந்து வந்து சிகுவின் முன்னால் உட்கார்ந்தாள். "அடியே சிகு, துரை வந்தா என்ன, வராட்டி என்ன. என் ஆளைக் கொண்டாந்து சேர்த்துடு. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லி, ஒரு கொழுப்புத் துண்டை வாயில் ஊட்டினாள். சிகு அதை விழுங்கினாள். பின்னால் இமாக், "எங்களுக்கெல்லாம் கொழுப்பு கிடையாதா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

போகும்போது பனி கெட்டியாக இருந்தது, அதனால் பிழைத்தார்கள். வழி நெடுகப் பேச்சு. யார் இழுக்கவில்லை, யார் நாற்றம் விட்டது, எல்லாம் ஒன்றுவிடாமல் பேசப்பட்டது. கரடி எழுந்து நின்றது, எழுந்து நின்றது, எழுந்து நின்றுகொண்டே இருந்தது. தீவில் கொடி நட்டதும் துரை தொப்பியைக் கழற்றிவிட்டு நீளமாக ஏதோ பேசினார். சிகு முகத்தைப் பாதங்களில் புதைத்துக்கொண்டாள். மனிதர்களிலும் துலு உண்டு போல.

அதோடு கிளம்பியிருக்கலாம். துரை பாறையை வரைய வேண்டும் என்றார். அப்புறம் வேறு பக்கத்திலிருந்து வரைய வேண்டும் என்றார். கூனுக் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அதற்குள் வெயில்காலம் தொடங்கிவிட்டது. திரும்பி விரிகுடாவில் இறங்கியபோது பனி இளகத் தொடங்கியிருந்தது.

கூனுக் சிகுவின் காதைப் பிடித்துத் தடவினான். "இனிமே எல்லாம் உன் காதுலதான் இருக்கு" என்றான்.

சிகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நல்லாக் கேட்டுக்கங்க. கரை சேர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

"சரிக்கா" என்றாள் அர்ணா. "டேய் இமாக், கேட்டுச்சா? பேசக் கூடாதாம்."

"எனக்கு ஏன் சொல்றே? பேசறது நீதான்."

"நானா பேசறேன்? நீ பேசாதேன்னு சொல்றதுக்குப் பேர் பேச்சா?"

"அட, ரெண்டு பேரும் பேசாம வாங்களேன்" என்றான் துலு, விரிகுடா முழுக்கக் கேட்கும்படியாக.

பேசாமல் இருப்பதைப் பற்றியே பாதித் தூரம் பேசினார்கள். சிகு கயிற்றின் கோடியில், காதைத் தரையோடு தரையாகச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக ஓடினாள். ஒருவழியாக அர்ணாவும் இமாக்கும் களைத்து ஓய்ந்தார்கள். துலு மட்டும் மெல்ல ஒதுங்கி ஒதுங்கி, அவள் பின்னால் இடப்பக்கமாக வந்து சேர்ந்தான்.

"சிகு, ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு நிஜமாவே முடிச்சுடறேன். கரடி எழுந்து நின்னுச்சா? எங்கப்பா ஓடலை. அது கண்ணைப் பாத்துக்கிட்டே பக்கத்துல போனாரு. அப்ப அந்தக் கரடி..."

சிகுவின் காலடியில் ஏதோ முனகியது. கேட்டமாதிரியும் இருந்தது, கேட்காதமாதிரியும் இருந்தது. இன்னொரு தரம் முனகினால் தெரிந்துவிடும். அந்த ஒரு கணம் அவள் காத்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை மாதமாக அடக்கி வைத்த எரிச்சல் அப்போதுதானா பொங்கி வர வேண்டும்? அவள் தலையைத் திருப்பினாள்.

"வாயை மூடித் தொலையேன்டா. உன் கரடியும் நீயும் நாசமாப் போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பனி இரண்டாவது தரம் முனகியது அந்தக் கத்தலுக்குள் அமுங்கிப் போனது.

இடப்பக்கம் அப்படியே வாயைப் பிளந்தது. துலு உள்ளே போனான். அவன் கயிறு விண்ணென்று இழுபட்டு வண்டியின் மூக்கைத் தண்ணீரை நோக்கிச் சாய்த்தது. அடியில் நீரோட்டம் அவனைப் பிடித்து இழுக்க, அவன் வண்டியை இழுத்தான். கூனுக் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்து வண்டிக் கட்டையைப் பற்றிக்கொண்டு தொங்கினான். துரை கட்டிலைத் தள்ளிவிட்டார், மூட்டைகளைத் தள்ளிவிட்டார். அப்போதும் வண்டி சரிந்துகொண்டேதான் இருந்தது.

"வலப்பக்கம் இழுங்க" என்று கூனுக் கத்தினான். யார் காதிலும் விழவில்லை. அர்ணா பின்னால் இழு என்றாள், இமாக் முன்னால் இழு என்றான், துரை தன் பாஷையில் ஏதோ அலறினார், சிகுவும்தான் அலறினாள். ஆளுக்கொரு பக்கமாக இழுத்ததில் வண்டி இன்னும் ஒரு முழம் இறங்கியது. நிவியின் முகம் சிகுவின் கண் முன்னால் வந்து நின்றது.

தண்ணீரில் துலு ஒருவன்தான் பேசவில்லை. பனியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, கூனுக்கைப் பார்த்தான், சிகுவைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, தன் கயிற்றை வாயில் கவ்விக் கடித்தான். எத்தனை தடவை அதற்காகத் திட்டு வாங்கியிருப்பான். இப்போது யாரும் அவனைத் திட்டவில்லை.

கயிறு அறுந்தது. வண்டி ஒரு குலுக்கலில் பின்வாங்கியது. கூனுக் கையை ஊன்றி மேலே ஏறிப் பனியில் குப்புற விழுந்தான். சிகு விளிம்பை நோக்கிப் பாய்ந்தாள். அவள் கயிறு அவளைப் பிடித்து நிறுத்தியது. துலுவின் கால்கள் வழுக்கின. நீரோட்டம் அவனைப் பனிக்கு அடியில் கொண்டுபோய்விட்டது.

எல்லாருடைய வாயும் அடைத்துப்போனது. கூனுக் ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டே வண்டியில் ஏறினான், துரை தன் கம்பளியைப் போர்த்திவிட்டு அவனை இறுக அணைத்துக்கொண்டார். சிகு நடந்தாள். பேசாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த அமைதியில் பனியின் ஒவ்வொரு முனகலும் அவளுக்குக் கேட்டது. இங்கே கெட்டி, இங்கே மெல்லிசு என்று அது பளிச்சென்று சொல்லிக்கொண்டே வந்தது. இத்தனை நாளும் இப்படித்தான் சொல்லியிருக்கும். அவள் விலகி, வளைந்து, கூனுக்கைக் கொண்டுபோய்க் கரையில் சேர்த்தாள்.

நிவி ஓடி வந்து கூனுக்கைக் கட்டிக்கொண்டாள். பிறகு நாய்களைப் பார்த்தாள். பல் பதிந்து அறுந்த கயிறு ஒன்று வண்டியில் தொங்கியது. அவள் சிகுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கொழுப்புத் துண்டுகள் எல்லாருக்கும் கிடைத்தன. இமாக் தன் பங்கைத் தொடவில்லை.

நாய்கள் பேசாமலே இருந்தன. கப்பல் போனது, கோடை போனது, கடல் மறுபடியும் உறைந்தது. வேட்டைக்குப் போகக் கூனுக் வண்டியைப் பூட்டினான். அர்ணா பேசவில்லை, இமாக் பேசவில்லை. இடப்பக்கம் ஒரு நாய் ஓடும் அளவுக்கு இடம் விட்டே நின்றார்கள். சிகுவுக்கு அந்த அமைதி பழைய சத்தத்தைவிட மோசமாக இருந்தது. எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி இருந்தது, தாங்க முடியவில்லை.

"பேசுங்க" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"வண்டி கெளம்புற வரைக்கும் பேசுங்க. சண்டை, குறை, கதை, எதுவா இருந்தாலும் கொட்டித் தீர்த்துடுங்க. யார் பேச்சையும் நான் பாதியில நிறுத்த மாட்டேன். ஆனா வண்டி நகர்ந்துச்சுன்னா ஒரு மூச்சு சத்தம்கூட வரக் கூடாது."

வண்டி நகராமல் பிடித்து வைக்கும் கொக்கியைப் பனியிலிருந்து பிடுங்கக் கூனுக் குனிந்துவிட்டான். நேரமோ கொஞ்சம், பேச்சோ ஒரு கோடை முழுக்கச் சேர்ந்தது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். சொல் சொல்லோடு மோதி, ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஒரே ஊளையாக எழுந்தது. அதிலும் உச்சத்தில் கேட்டது சிகுவின் குரல்தான். "அப்புறம் என்ன ஆச்சு? அந்தக் கரடி என்னடா செஞ்சுச்சு?" என்றுதான் அவள் கேட்டாள், ஆனால் வெளியே வந்தது ஊளை. நாளாக ஆக அதுவே பழகிப்போய், பிரித்துப் பேசுகிற பேச்சே அவர்களுக்கு மறந்துவிட்டது.

கொக்கி வெளியே வந்தது. வண்டி நகர்ந்தது. அந்தக் கணமே அத்தனை வாயும் மூடிக்கொண்டன.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், வண்டி பூட்டும்போது ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊளையிடுகிற பனிநாய்கள், வண்டி நகர்ந்ததும் சத்தமே இல்லாமல் ஓடுவது. பார்த்தால் தெரியும், ஓடும்போது காதுகளைப் பின்பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் ஓடும், யாராவது அந்தக் கதையை முடித்து வைக்கமாட்டார்களா என்று.