ஒருத்தர் இன்னும் வரலை

குழந்தைவேலு ஒன்றரை மணி நேரம் கதை சொல்லி முடித்தார். எஸ்தர் கண்ணைத் திறந்து, "எல்லாம் சரிதான். ஒருத்தர் மட்டும் இன்னும் வரலையேண்ணே" என்றார்.

குழந்தைவேலு திரும்பிக் கதவைப் பார்த்தார். எடிட்டிங் அறையின் கதவு சாத்தியே இருந்தது. யாரோ வரவேண்டியிருக்கிறது, அவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள் என்று நினைத்து, பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

"யார் மேடம் வரணும்?"

"கதையில இருக்கிற அப்பா."

அது முதல் ஞாயிறு.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷமாக அசிஸ்டென்ட், அசோசியேட், கோ-டைரக்டர் என்று அடுத்தவர் படங்களுக்கு உழைத்துத் தேய்ந்தவர். எஸ்தர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர், படத்தொகுப்பாளர். எடுத்த படத்தை வெட்டுவதில் கெட்டிக்காரர். எடுக்கப்போகிற கதையில் எந்த ஆளுக்கு உயிர் இருக்கிறது, எந்த ஆள் வெறும் சட்டை பேண்ட் என்று சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து கதை கேட்பார். யாரையும் சிஷ்யன் என்று சேர்த்துக்கொண்டதில்லை. குழந்தைவேலுதான் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. இரண்டு தயாரிப்பாளர்கள் கதையைக் கேட்டுவிட்டு, "பிரமாதம் சார், அந்த அப்பா கேரக்டர்தான் ஒட்டலை" என்று ஒரே மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கேட்கிறார். அவரும் அதையே சொன்னால், ஊருக்குப் போய் மச்சானின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

கதை சின்னது. ரைஸ்மில் மெக்கானிக் ஒருவர், மனைவியையும் எட்டு வயது மகனையும் விட்டுவிட்டு ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார். மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பி வந்து வாசலில் நிற்கிறார். அத்தோடு கட். அடுத்த சீனில் மகன் பெரியவனாகி மீசை வைத்திருக்கிறான்.

"கற்பனைக் கதைதான் மேடம்" என்று யாரும் கேட்காமலே முதல் நாள் சொல்லியிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு ஒரு ஃபைலோடு வந்தார். பதினான்கு பக்கம். ஏதோ திரைக்கதைப் பட்டறையில் கற்றதை வைத்து அப்பாவைப் பிரித்து மேய்ந்திருந்தார். ஆசை ஒரு கட்டம், தேவை ஒரு கட்டம், ஆறாத காயம் ஒரு கட்டம். எந்த வகுப்பில் எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினார் என்பதுகூட விடுபடவில்லை.

எஸ்தர் பதினான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"இப்ப வந்துட்டாரா மேடம்?"

"இல்லண்ணே. அவரோட ஜாதகம் வந்திருக்கு."

மூன்றாவது ஞாயிறு ஃபிளாஷ்பேக் சேர்த்தார். வரலை. நான்காவது ஞாயிறு ஒரு பாட்டுக்கு இடம் பண்ணி, அதில் தியேட்டரே அழும் என்றார்.

"தியேட்டர் அழட்டும். அவரு அழுவாரா?"

"அவர் அழமாட்டார் மேடம்." சொல்லும்போதே குழந்தைவேலுவின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அப்ப வரலைண்ணே."

குழந்தைவேலு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வரலை வரலை என்று சொல்லத் தெரிகிறது, எப்படி வரவழைப்பது என்று சொல்லத் தெரியவில்லை, இதற்கு இரண்டு பஸ் மாறி வேறு வரவேண்டியிருக்கிறது. வீட்டிலும் அதையே சொல்லிப் பொரிந்தார். "அப்ப போகாதீங்க" என்றாள் மனைவி. அதற்கும் கோபம் வந்தது.

ஐந்தாவது ஞாயிறு, அந்த வெள்ளிக்கு முன்னால் கடைசி ஞாயிறு, எஸ்தர் மேஜைமேல் மைக் வைத்திருந்தார்.

"இன்னிக்கு ரெக்கார்ட் பண்ணிக்கிறேண்ணே. வழக்கம்போலச் சொல்லுங்க."

வழக்கம்போலச் சொன்னார். முடிந்ததும் எஸ்தர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரம் குழந்தைவேலு கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஆட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது.

"முதல்ல மத்தவங்க" என்று எஸ்தர் ஸ்பீக்கரைப் போட்டார்.

குழந்தைவேலுவின் குரல்தான். மில் முதலாளி காறித் துப்புறான். வாத்தியார் குடையைத் தொலைச்சுட்டு முழிக்கிறான். போலீஸ்காரன் பல்லைக் குத்திக்கிட்டே வர்றான். சினிமாவில் கதை சொல்கிற வழக்கம் அது. கலெக்டர் ஆனாலும் சாமி ஆனாலும் கதைக்குள் வந்துவிட்டால் 'வர்றான்', 'போறான்'தான்.

"இப்ப அப்பா."

"வர்றார். உக்கார்றார். சாப்பிடுறார். கிளம்பிப் போறார். திரும்பி வர்றார். நிக்கிறார்."

அதே ஆள், வேறு குரல். ஹெட்மாஸ்டர் அறையில் கை கட்டிக்கொண்டு பேசுகிற குரல். கேட்டுக்கொண்டே இருந்த குழந்தைவேலு தற்செயலாகக் கீழே பார்த்தார். போட்டிருந்த கால் எப்போதோ இறங்கியிருந்தது.

"பெரியவங்களை மரியாதையாச் சொல்லிப் பழகிடுச்சு மேடம்."

"முதலாளிக்கு எழுபது வயசுன்னு நீங்கதான் சொன்னீங்க. அவன் துப்புறான்."

குழந்தைவேலு ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கற்பனைக் கதைதானேண்ணே?"

"கற்பனைதான்."

"அப்ப அந்த ஆளையும் அவன்னு வச்சு, திரும்பி வர்ற சீனை மட்டும் ஒரு தடவை சொல்லுங்க."

அவ்வளவுதானா என்று குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். "மத்தியான வெயில். தெருவுல ஆள் நடமாட்டம் இல்ல. தூரத்துல அவர்..."

"அவன்."

"அவ..." நின்றார். மறுபடி வெயிலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் ஃபைலைத் தூக்கி மேஜைமேல் போட்டார்.

"என்ன மேடம் விளையாட்டு இது? வெள்ளிக்கிழமை நான் கதை சொல்லணும். அஞ்சு வாரமா வரலை வரலைன்னு உயிரை வாங்குறீங்க. அவன் இவன்னா எப்படி மேடம் வாய் வரும்? எங்கப்பாவை நான் எப்படி அவன்னு சொல்றது?"

வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சினிமாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாதது. வெட்கமாக இருந்தது.

எஸ்தர் மைக்கை அணைத்தார்.

"வீட்டை விட்டுப் போனப்ப அவருக்கு என்ன வயசுண்ணே?"

பதினான்கு பக்கத்தில் அது ஒன்றுதான் இல்லை. குழந்தைவேலு விரலை மடக்கினார். பத்தொன்பதில் கல்யாணம். அடுத்த வருஷம் இவர் பிறந்தது. அதற்கு மேல் எட்டு.

"இருபத்தெட்டு." மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே, "என் பையன் வயசு மேடம்" என்றார்.

அந்தப் பையன் அன்று காலையில் ஹெல்மெட்டைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப்போட்டிருந்தான். கடைசியில் அது ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. அசடு வழிந்து நின்றான். 'உனக்கெல்லாம் எவண்டா வேலை குடுத்தான்' என்று இவர் திட்டிவிட்டு வந்திருந்தார்.

குழந்தைவேலு அணைந்திருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"மத்தியான வெயில். தெருவுல ஆள் இல்ல. அவன் வர்றான். ஒரு செருப்புல வார் அந்து, சணல் கட்டியிருக்கான். கையில ஒரு பிஸ்கட் பாக்கெட். பையன் இப்ப எத்தனாவது படிக்கிறான்னு அவனுக்குத் தெரியாது. பிஸ்கட் குடுத்தா வாங்குவானான்னும் தெரியாது. அதைக் கை மாத்திக் கை மாத்தி வச்சுக்கிறான். பையன் கதவிடுக்கு வழியா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான், வெளிய வரலை. இவன் வாசல்ல நிக்கிறான். கூப்பிடுவாங்களா, தொரத்துவாங்களான்னு தெரியாம நிக்கிறான். பயந்து போயிருக்கான் மேடம். அவனுக்குப் பயம்..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்தர் எழுந்து போய், சாத்தியிருந்த கதவைத் திறந்து வைத்தார்.

"வந்துட்டாண்ணே" என்றார். "வாசல்லயே நிக்க வைக்காதீங்க. உள்ள கூப்பிடுங்க."