கட்டச் சேலையும் நாற்பது ராஜாக்களும்

முன்னொரு காலத்தில் பூவணம் என்றொரு நாட்டை உத்தமபூபதி என்கிற ராஜா ஆண்டுவந்தார். பேருக்குத்தான் உத்தமர். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார். மறக்காத உத்தரவு எதுவோ, அது ஊரைப் பாடாய்ப் படுத்திவிடும்.

ஒருநாள் மேல்மாடத்தில் நின்றவர், கீழே தெருவில் மோர் விற்றுக்கொண்டு போன சீனியம்மாளைப் பார்த்தார். கட்டம் போட்ட சேலை, கோடு போட்ட ரவிக்கை, தலையில் சும்மாட்டுக்குப் புள்ளி போட்ட துணி. மூன்றும் மூன்று தினுசு. ஆனால் மூன்றிலும் ஒரே மஞ்சள் எட்டிப்பார்த்தது.

"என்ன அழகு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பக்கத்தில் நின்ற கனகராயருக்கு வயிறு எரிந்தது. ராஜாவுக்கு உடுத்திவிடும் அதிகாரி அவர். பத்து வருஷமாகத் தலை முதல் கால் வரை மாங்காய் போட்ட பட்டாகவே உடுத்திவிடுகிறார். ஒரு பாராட்டுகூடக் கிடைத்ததில்லை.

"மன்னா, இன்றைக்குத் துணியைக் கலப்பவள் நாளைக்கு மோரில் தண்ணீரைக் கலப்பாள். அதைப் பார்த்து ஊரே விசுவாசத்தில் வஞ்சகத்தைக் கலக்கும்" என்று ஓதினார்.

மோரில் தண்ணீர் கலக்காமல் வேறெதைக் கலப்பது என்று கேட்க ராஜாவுக்குத் தோன்றவில்லை. மறுநாளே தமுக்கு அடித்தார்கள்: ஒருவர் உடம்பில் ஒரே தினுசுத் துணிதான் இருக்கவேண்டும். மீறினால் நாடு கடத்தல்!

மூன்றாம் நாள் சீனியம்மாள் பிடிபட்டாள். அமைச்சர் அருளாளரிடம் ஓவென்று அழுதாள்.

"ஐயா, சேலை திருவிழாவுல எடுத்தது. ரவிக்கை எங்க அக்கா குடுத்தது. எல்லாத்தையும் ஒரே தினுசா எடுத்து உடுத்த எனக்கு வக்கு ஏது? எம்பொண்ணு நிறைமாசமா இருக்கா. பிரசவம் பாக்க என்னை விட்டா நாதி இல்லீங்க."

"ஒருநாள் பொறு தாயே" என்றார் அமைச்சர். அன்றே சபையோர் வீடுகளுக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுவைத்தார்: "ஒரே தினுசு என்பது சட்டம். எந்தத் தினுசு என்று ராஜா சொல்லவில்லையே. நீங்கள் உடுத்துவது அவருக்குப் பிடிக்காமல் போனால்?" கேட்டவர்களெல்லாம் தையற்காரர் வீட்டுக்கு ஓடினார்கள்.

மறுநாள் சபைக்குள் நுழைந்த ராஜா அப்படியே நின்றுவிட்டார். அவரையும் சேர்த்து நாற்பது பேர். நாற்பது பேரும் மாங்காய்ப் பட்டுத் தலைப்பாகை, மாங்காய்ப் பட்டு அங்கி!

"என்ன அமைச்சரே, கேலியா?"

"பயம், மன்னா! ராஜா உடுத்துவது எப்படியும் தப்பாகாது என்று எல்லோரும் அதையே தைத்துக்கொண்டார்கள். ஊரில் தையற்காரர்களுக்கெல்லாம் விரல் வீங்கிவிட்டது."

கோபம் வரவேண்டிய இடத்தில் ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "பிடிபட்டிருக்கும் அந்த மோர்க்காரி என் முகத்தைக் கண்டதில்லையே? கூப்பிடுங்கள். நாற்பதில் ராஜா யாரென்று காட்டினால் விடுதலை. தவறினால் இன்றே எல்லை தாண்டவேண்டும்!" என்று சொல்லி, சிம்மாசனத்தை விட்டு வரிசையோடு வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அமைச்சர் இதை எதிர்பார்க்கவில்லை.

சீனியம்மாள் வந்தாள். கனகராயர் முன்னால் நின்றாள். அவரோ மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, அவள் ஏமாறட்டும் என்று காத்திருந்தார்.

"இவரு ராஜா மாதிரி இருக்க ரொம்பப் பாடுபடுறாரு. ராஜாவுக்கு அது எதுக்கு?" என்று நகர்ந்தாள். நேரே போய் உத்தமபூபதியின் காலில் விழுந்தாள்.

"எப்படியம்மா கண்டுபிடித்தாய்?"

"சாமி இடுப்புல கட்டம் போட்ட துண்டு சொருகியிருக்கீங்களே. வேர்வை தொடைக்கப் பட்டு ஆகுமா? இந்த நாட்டுல பயமில்லாம தினுசைக் கலக்குறவரு ஒருத்தர்தானே!"

ராஜா குனிந்து துண்டைப் பார்த்தார்.

"அப்படியானால் நாடு கடத்தவேண்டிய ஆள் நான்தான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார் ராஜா. சட்டம் அந்த இடத்திலேயே ஒழிந்தது. அமைச்சர் அப்பாடா என்று தூணில் சாய்ந்தார்.

"இனி எனக்கு உடை தேர்ந்து தரும் பதவி உனக்குத்தான்" என்றார் ராஜா.

"பதவி இருக்கட்டும் சாமி. பல்லக்கு இருந்தாக் குடுங்க. காலையில இருந்தே பொண்ணுக்கு இடுப்பு வலின்னு சேதி வந்திருக்கு."

ராஜா தன் பல்லக்கையே தந்தார். தூக்க ஓர் ஆள் குறைந்தது. ராஜா திரும்பிப் பார்த்தார். கனகராயர் அத்தனை மாங்காய்ப் பட்டோடும் வந்து தோள் கொடுத்தார்.

பல்லக்கு வாசலில் இறங்கிய பிறகுதான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.